முந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளி எட்டு பேர்

எங்கள் மேட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஆபீஸில் பெரிய சார் என்னைக் கேட்டபோது எனக்கு மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன். மசக்கையில் சிலருக்குப் புளிப்பு கேட்கும், சிலருக்குச் சாம்பல் கேட்கும். எனக்கு வாந்தியும் சிரிப்பும் மாறி மாறி வந்தன. ராட்டினத்திலிருந்து இறங்கியவள் மாதிரி எந்நேரமும் தலை லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதைப் பார்த்தால்கூடச் சிரித்தேன்.

விஷயம் தெரிந்தது இரண்டே பேருக்கு. நான் ஒருத்தி, இன்னொருவர் என் கணவர். அவருக்குத் தீவுகளுக்கு நடுவே ஓடும் கப்பலில் வேலை. பாதி நாள் கடல், பாதி நாள் வீடு. அத்தையிடம், அதாவது மாமியாரிடம், நான் சொல்லவில்லை. பாசம் இல்லாமல் இல்லை. தண்ணீர்தான் காரணம்.

எங்கள் மேடு சௌல்தாரி கிராமத்தைத் தாண்டி, பாக்குத் தோப்புகளுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே அப்போது குழாய் கிடையாது. மூன்று நாளைக்கு ஒரு முறை, சில வாரம் நான்கு நாளைக்கு ஒரு முறை, டேங்கர் லாரி மேட்டின் அடிவாரத்துக்கு வரும். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு எண்பத்தாறு படிகள். மண்ணில் வெட்டி மரக்கட்டை பதித்த படிகள். மழையில் அவை படிகள்தானா என்று கேட்க வேண்டியிருக்கும். கீழே அத்தை நின்று குடத்தில் பிடித்துக் கொடுப்பார், நான் தூக்கிக்கொண்டு ஏறுவேன். அத்தைக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. நான் உண்டாகியிருப்பது தெரிந்தால் என்னைக் குடத்தைத் தொட விடமாட்டார். அந்த முழங்காலோடு தானே தூக்குவார். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை.

ஆகையால் என் திட்டம் எளிமையானது. குழாய் வரும்வரை வாயைத் திறப்பதில்லை. குழாய் முந்துமா, வயிறு முந்துமா என்பதுதான் கேள்வி.

இந்த லட்சணத்தில் அத்தைக்குக் கண்ணும் மங்க ஆரம்பித்துவிட்டது என்று எனக்கு ஒரு கவலை. கொஞ்ச நாளாகவே குடத்தைக் கழுத்துவரை பிடிக்காமல் கீழேயே நிறுத்திவிடுகிறார். கியூவில் நின்று வாங்குகிற தண்ணீரை இப்படி விடலாமா என்று மனசுக்குள் பொரிந்துகொண்டேதான் ஏறுவேன். கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

டவுனில் ஓர் அலுவலகத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. வீடுகளின் பட்டியல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, அவற்றை வைத்து அந்தந்த இடத்தில் சுமார் எத்தனை பேர் இருப்பார்கள் என்று மதிப்பிடுவது. வீடு வீடாகப் போய்த் தலை எண்ணி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிறார்கள், வீடு மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. ஆகவே வீட்டைப் பிடித்து ஆளைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வித்தை.

பெரிய சார் விமான நிலையத்தை ஒட்டிய பத்துபஸ்தியில் பிறந்து வளர்ந்தவர். விமானம் தலைக்கு மேல் போகும்போது பேச்சை நிறுத்தி, போனபின் அதே இடத்திலிருந்து தொடர்வது பிறந்த ஊர்ப் பழக்கம். அலுவலகத்தில் ஃபேன் சத்தம் கூடினாலும் நிறுத்திவிடுவார்.

"உங்க மேட்டுக்குக் குழாய் கேட்டு ஃபைல் வந்திருக்கு. பைப் லைன் அடிவாரத்து முக்கு வரைக்கும் வந்தாச்சு. மேல ஏத்தணும்னா முந்நூறு தலை இருக்கணுமாம். பழைய கணக்குல நூத்தி எண்பதுதான் இருக்கு. வீட்டை வச்சு ஒரு புதுக் கணக்கு பண்ணிக் குடு. மத்லப், பக்கா கணக்கு. உங்க ஊருன்னு ஏத்திப் போட்டுடாதே."

மத்லப் என்றால் 'அதாவது' என்று பொருள். அந்தச் சொல் இல்லாமல் பெரிய சாரால் ஒரு கட்டளையும் போட முடியாது. நான் தலையாட்டினேன். ஆட்டியதில் மறுபடி தலைசுற்றியது.

முதலில் வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திறந்து கூரைகளை எண்ணினேன். நூற்றுப் பதினேழு. எனக்குப் பறக்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்கு மூன்று பேர் வைத்தாலே முந்நூறு தாண்டிவிடும்! பிறகு படத்தைப் பெரிதாக்கினேன். நான் குடியிருக்கிற இடம் என்பதால் ஒவ்வொரு கூரையும் என்னைப் பார்த்துப் பல்லிளித்தது. இது வீடா? இல்லை, கொப்பரை காயவைக்கிற கொட்டகை. இதில் குடியிருப்பது எதிர் வீட்டு அக்காவின் ஆடுகள். இது பன்றிக்கொட்டில். இது மேல்வரிசைக்காரர் பெயிண்ட் அடித்து, ஓடு போட்டு, பக்கத்து வீட்டுக்காரர் வயிறெரியக் கட்டிய கழிப்பறை. நீலத் தார்ப்பாய் போர்த்திய ஒன்றை நான் வெகுநேரம் யோசித்தேன். அது எங்கள் சொந்தக் குளியலறை. இப்படி ஆட்டையும் பன்றியையும் கொப்பரையையும் ஊரைவிட்டு அனுப்பியபின் மிஞ்சியது அறுபத்தெட்டு வீடு.

மின்சார மீட்டர் பட்டியலை எடுத்தேன். ஐம்பத்தேழு. ஒரு மீட்டரிலிருந்து மூன்று வீட்டுக்கு ஒயர் இழுத்திருப்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அதில் ஒரு ஒயர் எங்கள் துணிக்கொடிக்கு மேலே போகிறது. வீட்டு வரிப் பட்டியலை எடுத்தேன். நாற்பத்தொன்று. மேட்டில் நிலத்துக்குக் காகிதம் உள்ளவர்கள் கீழ்ப்பாதியில் மட்டும்தான். மேல்பாதி வெட்டித் திருத்தி உட்கார்ந்தவர்கள். அவர்களைப் பொறுத்தவரை வீடு உண்டு, பட்டியலில் வீடு இல்லை. எங்கள் வீடும் அந்தப் பாதியில்தான்.

நூற்றுப் பதினேழு, அறுபத்தெட்டு, ஐம்பத்தேழு, நாற்பத்தொன்று. ஒரே மேட்டுக்கு நான்கு கணக்கு. நான் மேசையில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். பெரிய சார் அழுகிறேன் என்று நினைத்து டீ வரவழைத்துவிட்டார்.

அறுபத்தெட்டுதான் உண்மை என்று எனக்குத் தெரியும். அடுத்தது வீட்டுக்கு எத்தனை பேர் என்ற சராசரி. எனக்கு நெட்டுருவாகத் தெரிந்த இருபது வீடுகளின் தலைகளை வரிசையாக எழுதினேன். யார் வீட்டில் மருமகன் வந்து தங்கிவிட்டான், யார் வீட்டில் மகன் வடக்கே ரங்கத் பக்கம் வேலைக்குப் போய் வாரம் ஒருமுறை வருகிறான், எல்லாம் பார்த்துக் கூட்டினால் தொண்ணூற்றிரண்டு. இருபதால் வகுத்தால் நான்கு புள்ளி ஆறு.

அன்று மாலை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அத்தையிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

"வீட்டுக்கு நாலு பாயிண்ட் ஆறு பேர் அத்தை."

"நாலு சரி. அது யாருடி பாயிண்ட் ஆறு?"

"அப்படி ஓர் ஆள் கிடையாது. அது சராசரி."

"இல்லாத ஆளை எதுக்கு எழுதுற? நாளைக்கு அவனுக்கும் தண்ணி கேப்பான்ல?" என்று கீரைக்காம்பை ஒடித்தார். பிறகு தானே யோசித்து, "உன் புருசனாத்தான் இருக்கும். அவன்தான் மாசத்துல பாதி நாள் இருக்கான், பாதி நாள் இல்ல" என்றார். அன்று நான் சிரித்த சிரிப்பில் கீரை முழுவதும் தரையில் கொட்டியது. எதிர் வீட்டு அக்கா என்ன ஏது என்று ஓடி வந்தார். அவரிடமும் அத்தை பாயிண்ட் ஆறை விளக்கினார். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், வீட்டுக்காரர் மீன்பிடிக்கிறவர். "மாதாவே, அப்ப என் வீட்டுலயும் ஒரு பாயிண்ட்டுதான் குப்புறப் படுத்துக் கிடக்கு" என்றார்.

இருவரும் கேட்க அறுபத்தெட்டை நான்கு புள்ளி ஆறால் பெருக்கினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளி எட்டு. முந்நூறைத் தாண்டிவிட்டது! ஏத்திப் போடாமல், ஆட்டைக்கூட எண்ணாமல் தாண்டிவிட்டது! மறுநாள் நல்லபிள்ளையாகத் தாளில் புள்ளி எட்டைப் பேனாவால் வெட்டிவிட்டு முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிப் பெரிய சாரிடம் நீட்டினேன்.

"அச்சா. ஆனா பழைய கணக்குக்கும் இதுக்கும் தூரம் ஜாஸ்தி. குழாய்க்காரங்க நம்ப மாட்டாங்க. அவங்க ஜே.இ. வியாழக்கிழமை நேர்ல வந்து பாப்பாரு. நீயும் கூடப் போ. அவர் கண்ணுல ஆள் தெரிஞ்சா போதும், சாங்க்‌ஷன்."

கண்ணில் ஆள் தெரிந்தால் போதும். முந்நூறு பேர் உள்ள ஊரில் அது ஒரு பெரிய விஷயமா? வீட்டுக்கு ஓடிவந்து அத்தையிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். வியாழக்கிழமை ஆபீஸிலிருந்து ஒருத்தர் நம் மேட்டு வீடுகளைப் பார்க்க வருகிறார், எல்லாரும் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். குழாய் வந்துவிடும். அத்தை சரி என்றார். முகம் மட்டும் கொஞ்சம் இறுகியது. அதை யோசிக்க எனக்கு நேரமில்லை, அந்நேரம் வாந்திக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலையில் நான் நேரே டவுனுக்குப் போய்ப் பெரிய சாரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, ஜே.இ.யின் ஸ்கூட்டருக்குப் பின்னால் பஸ்ஸில் வந்து அடிவாரத்தில் இறங்கினேன். ஜே.இ. என்பவர் குழாய் இலாகாவின் இளநிலைப் பொறியாளர். முப்பது வயதிருக்கும், வெயிலுக்குத் தொப்பி, கையில் ஒரு அட்டையில் கிளிப் போட்ட தாள். நல்ல மனிதர். படியேறும்போதே, "இந்தப் படியிலயா மேடம் குடம் தூக்குறீங்க?" என்று பதறினார். ஆகா, பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மேலே ஏறி நின்றால் மேடு காலியாக இருந்தது.

காலி என்றால் துடைத்து வைத்த காலி. கொடியில் ஒரு துணி இல்லை. வாசலில் ஒரு செருப்பு இல்லை. வழக்கமாக வழியை அடைத்துக்கொண்டு நிற்கிற நீல டிரம்கள்கூட இல்லை. முதல் வீட்டில் பூட்டு. இரண்டாவது வீட்டில் பூட்டு. மூன்றாவதில் பூட்டு, அதுவும் புதுப் பூட்டு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடி முட்டாள் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

எங்கள் மேட்டில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது காகிதத்தோடு வந்து வீடுகளைப் பார்த்தால், மேல்பாதியில் அது நிலத்தைப் பற்றிய விசாரணை என்றுதான் அர்த்தம். காகிதம் இல்லாத நிலத்தில் இருப்பவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி, பக்கத்து வீட்டுக்காரர் வெளியே பூட்டிவிடுவது, வீட்டுக்காரர் உள்ளே மூச்சுவிடாமல் உட்காருவது. ஆளில்லாத வீட்டில் யாரைப் பிடித்து என்ன கேட்பார்கள்? கடைசியாகப் பூட்டுகிறவர் தோப்புக்குள் போய்விடுவார். கல்யாணமாகி வந்த வருடம் நானே அப்படிப் பூட்டிய கதவுக்குப் பின்னால் அத்தையோடு உட்கார்ந்திருக்கிறேன். சிரித்துவிடுவேன் என்று பயந்து அத்தை என் வாயில் முந்தானையை அடைத்தார். இத்தனையும் தெரிந்தவள், "ஆபீஸிலிருந்து வீடுகளைப் பார்க்க வருகிறார்" என்று வாய் கொழுத்துச் சொல்லிவிட்டேன். தண்ணீர் கொடுப்பதற்கு எவனாவது வீட்டை வந்து பார்ப்பானா என்று ஊர் நியாயமாகத்தான் யோசித்திருக்கிறது.

"என்ன மேடம், ஊரே மேயின்லேண்ட் போயிருச்சா?" என்றார் ஜே.இ.

"லீவு நாள்..." என்று இழுத்தேன். அது லீவு நாளும் இல்லை.

அவர் தாளில் எழுதிக்கொண்டே நடந்தார். பூட்டு. பூட்டு. பூட்டு. கீழ்ப்பாதியில் காகிதம் உள்ள சில வீடுகள் மட்டும் திறந்திருந்தன. அவற்றிலும் ஊர் ஒற்றுமைக்காகப் பாதிப் பேர் தோப்புக்குப் போயிருந்தார்கள். வாழைக்குலை வெட்டிக்கொண்டிருந்த வங்காளிக் கிழவர், நாங்கள் கேட்பதற்கு முன்பே, "கோயி நஹி, கோயி நஹி" என்று கையை விரித்தார். யாரும் இல்லையாம். அவர் பின்னால் அவருடைய வீட்டு ஜன்னலில் ஒரு விரல் தெரிந்து மறைந்தது.

ஒரு பூட்டிய வீட்டைத் தாண்டும்போது உள்ளே குக்கர் விசில் அடித்தது.

ஜே.இ. நின்றார். பூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குக்கர் இன்னொரு விசில் அடித்தது. உள்ளே யாரோ ஓடுகிற சத்தமும், அடுப்பை அணைக்கிற சத்தமும், ஏதோ பாத்திரம் உருண்டு உருண்டு வெகுநேரம் அடங்காமல் சுற்றுகிற சத்தமும் கேட்டன. அவ்வளவுதான். எனக்குள் அணை உடைந்துவிட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வழியச் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கப் பயமும் ஏறியது. ஏனென்றால் அவர் குக்கரை எழுதவில்லை. "நான் கண்ணால பாத்ததைத்தான் எழுத முடியும் மேடம்" என்றார் வருத்தமாக. அவர் தாளில் அதுவரை நாற்பது தலைகூட இல்லை.

"உங்க வீடு எது?"

கையைக் காட்டினேன். எங்கள் வீட்டுக் கதவிலும் பூட்டுத் தொங்கியது.

"உங்க வீட்லயும் யாரும் இல்லையா?"

என் பையில் மாற்றுச் சாவி இருந்தது. அதைத் திறந்தால் உள்ளே அத்தை மோர் மிளகாய் டப்பாவோடு உட்கார்ந்திருப்பார். ஆனால் ஒரு பூட்டைத் திறந்து காட்டினால் அறுபது வீட்டின் குட்டும் உடைந்துபோகும். இத்தனை வருடம் ஊர் சேர்ந்து காப்பாற்றிய ரகசியம் அது. வெளியே வாருங்கள், இவர் நிலத்துக்கு வந்தவர் இல்லை, தண்ணீருக்கு வந்தவர் என்று கத்தலாமா? என் குரலைக் கேட்டால் பிடிபட்டுவிட்டாள் என்று இன்னும் உள்ளே போவார்கள். திறக்காவிட்டால் குழாய் போச்சு. அத்தையின் முழங்காலையும் என் வயிற்றையும் அந்த எண்பத்தாறு படியையும் நினைத்தேன். சிரிப்பு முழுவதும் நின்றுவிட்டது.

"ஒரு நிமிஷம் சார்" என்று பலாமரத்தடிக்குப் போனேன். மேட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அது. டேங்கர் ஓட்டுகிற அண்ணனைக் கூப்பிட்டேன். தெலுங்குக் குடும்பம், எல்லா மொழியையும் கலந்து அடிப்பவர், அக்கா என்பதற்குத் தீதி என்பார்.

"அண்ணா, எங்க இருக்கீங்க?"

"சௌல்தாரி ஸ்கூல்ல ஊத்திட்டு நிக்கிறேன் தீதி. டேங்க்ல தண்ணி இன்னும் நிறைய பாக்கி இருக்கு. உங்களுக்கு நாளைக்குத்தானே டர்ன்?"

"இப்பவே வாங்க. வந்து ஹார்ன் அடிங்க. தண்ணிகூட வேணாம், ஹார்ன் போதும்."

"அரே தீதி, பானி இல்லாம ஹார்ன் அடிச்சா என்னை உயிரோட விடுவாங்களா? தண்ணியோடதான் வருவேன்."

அவர் வந்து சேரும்வரை நான் வங்காளிக் கிழவரிடம் இளநீர் வாங்கி ஜே.இ.க்குக் கொடுத்து, பாக்கு விவசாயத்தைப் பற்றி எனக்குத் தெரியாத விஷயங்களையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தாளில் அடிக்கோடு போடப் பேனாவை எடுத்தார். அப்போது அடிவாரத்திலிருந்து கேட்டது அந்த ஹார்ன், பேரப்பாம் பேரப்பாம் பேரப்பாம் என்று.

முதலில் ஒரு ஜன்னல் திறந்தது. அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குடம் வெளியே விழுந்தது. பின்னாலேயே ஒரு கால் வந்தது. அப்புறம் நான் எதையென்று சொல்ல! பூட்டிய வீடுகளின் பின்வாசல் வழியாக, ஜன்னல் வழியாக, மூங்கில் தட்டியை நெம்பிக்கொண்டு, குடமும் வாளியும் டிரம்முமாக ஜனங்கள் பிதுங்கிப் பிதுங்கி வந்தார்கள். தோப்புக்குள்ளிருந்து ஒரு கூட்டம் ஓடி வந்தது. நடக்க முடியாது என்று பென்ஷன் வாங்குகிற ஒருவர் இரண்டு வாளியோடு என்னை முந்திக்கொண்டு போனார். குக்கர் வீட்டிலிருந்து ஒன்பது பேர். குடும்பம் குடும்பமாக, இல்லாதவர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஜே.இ. இளநீரைக் கையில் பிடித்தபடி வாயைத் திறந்து நின்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஹார்ன் கேட்டபின் எங்கள் மேட்டில் அரசாங்கம் கண்ணுக்குத் தெரியாது.

நான் அவர் பக்கத்தில் நின்று நிதானமாக எண்ணுவதாகத்தான் எண்ணம். ஆனால் ஹார்ன் கேட்டதும் என் கால்கள் என்னிடம் கேட்காமல் ஓடியிருக்கின்றன. கியூவில் அத்தைக்கு முன்னால் குடத்தோடு நிற்கும்போதுதான் சுயநினைவு வந்தது. அத்தை குளியலறையின் ஓலைத் தட்டியைப் பிரித்துக்கொண்டு வந்திருந்தார், தலையெல்லாம் தும்பு.

எங்கள் கியூவுக்கு ஒரு சட்டம் உண்டு. தலைக்கு மூன்று குடம். டேங்கர் அண்ணன் குழாயைப் பிடித்துக்கொண்டு, "கித்னா ஆத்மி, எத்தனை பேர்?" என்று ஒவ்வொரு வீட்டையும் கேட்பார். குறைத்துச் சொன்னால் தண்ணீர் குறையும், ஆகையால் யாரும் குறைக்க மாட்டார்கள். கூட்டிச் சொன்னால் பின்னால் நிற்கிறவர்கள் விட மாட்டார்கள். "உன் மச்சான்தான் போன வாரமே கப்பலேறிட்டானே, அவனுக்கு என்ன குடம்?" என்று கத்துவார்கள். ஜே.இ. எங்கள் பின்னாலேயே இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றி, அண்ணன் பக்கத்தில் லாரிப் படியில் ஏறி நின்றார். நான் கீழேயிருந்து, "இவர் நிலத்துக்கு வந்தவர் இல்லை, குழாய்க்கு வந்தவர், முந்நூறு தலை வந்தால் குழாய்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கியூ என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றது.

ஏழு. நாலு. ஒன்பது. மூணு. ஒவ்வொன்றையும் கியூ சரிபார்த்தது, அவர் எழுதினார். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான கணக்கை எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை. எதிர் வீட்டு அக்கா வந்தபோது தொகை முந்நூற்றைத் தொட இன்னும் கொஞ்சம்தான். அவருக்கு ஆறு. பிறகு எங்கள் முறை. அத்தை குடத்தை வைத்தார்.

"எத்தனை பேர் அம்மா?"

"மூணு" என்றார் அத்தை.

பின்னாலிருந்து உடனே சத்தம் வந்தது. "மூணா? உன் மகன் கப்பல்ல, சின்னவன் மெட்ராஸ்ல. மாமியாளும் மருமகளும் ரெண்டு பேர். மூணாவது யாரு?"

எனக்கே கோபம் வந்தது. ஜே.இ. முன்னால் பொய்க்கணக்கா? "அத்தை, ரெண்டுதான்" என்றேன் மெதுவாக.

"நீ சும்மா இருத்தா" என்றார் அத்தை. திரும்பிக் கியூவைப் பார்த்து இடுப்பில் கையை வைத்தார். "மூணாவது இவ வயித்துல இருக்கு. மூணு மாசம். யாருக்காச்சும் சந்தேகம் இருந்தா ஆடி கழிஞ்சு வந்து பாருங்க."

எனக்கு லாரி, மேடு, பாக்கு மரம் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றின. கியூ முழுக்க ஒரே கூச்சல். எதிர் வீட்டு அக்கா என் தலையில் சிலுவை போட்டார். வங்காளிக் கிழவர் பின்னாலிருந்து என்ன விஷயம் என்று கேட்டார், யாரோ ஹிந்தியில் சொன்னார்கள், அவர் வாழைக்குலையோடு கையைத் தூக்கினார். பிறகு, எங்கள் ஜனங்கள்தானே, சண்டை ஆரம்பித்தது. பிறக்காத பிள்ளைக்கு மூன்று குடம் உண்டா, இல்லையா? வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்குத்தான் தண்ணீர் கூட வேண்டும் என்று பாதிப் பேர். இப்படியே போனால் எல்லா வீட்டிலும் மூன்று மாதம் என்பார்கள் என்று மீதிப் பேர்.

"சார், நீங்களே சொல்லுங்க" என்று ஜே.இ.யைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "பிறக்காததை என்னால எழுத முடியாதுங்க."

"முழுசா எழுத வேணாம்" என்றார் எதிர் வீட்டு அக்கா. "பாயிண்ட் எட்டுன்னு போடுங்க. இவ ஆபீஸ்ல அப்படித்தான் போடுவாங்க."

நான் வெட்டி எறிந்த புள்ளி எட்டு! ஜே.இ. கையிலிருந்த கடிதத்தோடு என் கணக்குத் தாளும் கிளிப்பில் இருந்தது. அதைப் புரட்டி, நான் பேனாவால் வெட்டியிருந்த இடத்தைப் பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளி எட்டு. லாரிப் படியிலேயே உட்கார்ந்து அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

கியூ முடிந்தபோது அவர் தாளில் முந்நூற்று எட்டு தலை. என் கணக்கில் நாலு பேர் குறைவு, கடலில் இருந்தவர்களைச் சேர்த்தால் அதுவும் சரியாகிவிடும். கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது எங்கள் வாசலில் குழாய் வந்தது. அதைத் திறந்த அன்று மேட்டில் யாரும் கதவைப் பூட்டவில்லை. இரண்டு தெரு நாய்கள்கூட வந்து குடித்தன. அதெல்லாம் பிற்பாடு.

அன்று மூன்று குடம் கூடுதலாகவே கொடுத்தார் டேங்கர் அண்ணன். எதிர் வீட்டு அக்காவும் அவர் வீட்டு ஆட்களும் எங்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறிப் போய்விட்டார்கள். என் கையில் ஒன்றும் இல்லை. அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக ஏற, நான் பின்னால் வந்தேன்.

"எப்பத் தெரியும் அத்தை?" என்று கேட்டேன்.

"நீ என்னைக்கு முருங்கைக்கீரை வாசத்துக்கு மூக்கைப் பொத்துனியோ, அன்னைக்கு."

"அப்புறம் ஏன் கேட்கலை?"

"கேட்டா நீ ஒத்துக்குவ. ஒத்துக்கிட்டா உன்னைத் தூக்க விடக்கூடாது. என் காலு ஒத்துழைக்காது." ஒரு படியில் நின்று மூச்சு வாங்கினார். "அதான் ஒரு மாசமா உனக்கு முக்கால் குடம்தானே பிடிக்கிறேன். நீ பாக்கலயா?"

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆடு, கொப்பரை, மீட்டர், ஒயர் என்று மேட்டில் உள்ள எல்லாவற்றையும் எண்ணியவள், என் இடுப்பில் இருந்த குடத்தில் எவ்வளவு தண்ணீர் என்று பார்க்கவில்லை. அத்தை பயந்துபோய், "என்னத்தா, தலை சுத்துதா?" என்றார். ஆமாம் என்றேன்.